மெயில் எங்கே நிற்கிறது? லினக்ஸ் பெட்டியில் தேடிப் பார்க்கும் முறை

"தம்பி, மெயிலு வரமாட்டேங்கு." பாளையங்கோட்டையில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போனில் இப்படிச் சொன்னால், அதற்கு ஏழெட்டு அர்த்தம் உண்டு. வெளியே உள்ள சர்வரிலிருந்து மெயில் இறங்காமல் இருக்கலாம். இறங்கி, உள்ளே பட்டுவாடா ஆகாமல் கிடக்கலாம். பட்டுவாடாவும் ஆகி, அவர் திறந்து பார்க்கிற பெட்டியில் இல்லாமல் வேறொரு பெட்டியில் போய் உட்கார்ந்திருக்கலாம். சில நாள் வருகிற மெயில் எல்லாம் ஒழுங்காகத்தான் வரும், போகிற மெயில்தான் போயிருக்காது. தான் அனுப்பியதற்குப் பதில் வராததைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருப்பார்.

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் வழக்கமாகச் செய்வது, இணையத்தில் கிடைத்த நாலு அமைப்பு வரிகளை எடுத்துக் கோப்பில் ஒட்டிவிட்டுக் கணினியை அணைத்துப் போடுவது. அதை மட்டும் செய்யாதீர்கள். மெயில் எந்த இடம் வரை வந்தது என்று முதலில் பாருங்கள், அப்புறம் அந்த இடத்தில் மட்டும் கை வையுங்கள்.

தொடங்கும் முன் ஒன்று: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய எல்லாம் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

மெயில் வரும் பாதை

நான் எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது. வண்ணாரப்பேட்டையில் செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஒரு டெஸ்க்டாப், அதில் டெபியன் அல்லது உபுண்டு. ஜிமெயிலிலோ வேறு சேவையிலோ அச்சகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஃபெட்ச்மெயில் என்ற நிரல் அந்தக் கணக்கிலிருந்து மெயிலை இறக்கி, இதே கணினியில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் கையில் கொடுக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் அதை நேராகவோ, ப்ராக்மெயில் என்ற பிரித்துப் போடும் நிரல் வழியாகவோ பயனரின் பெட்டிக்குள் போடுகிறது. கடைசியில் டெர்மினலில் ஓடும் மட் நிரலிலோ, பெட்டியில் உள்ள மெயிலை மற்ற நிரல்களுக்கு எடுத்துக் கொடுக்கும் டவ்காட் வழியாகத் தண்டர்பேர்டிலோ அதைப் படிக்கிறார்கள். மூன்று பேர் ஒரே கணக்கைப் பார்க்கிற சின்ன அலுவலகத்துக்கு, லைன் போனாலும் பழைய மெயில் கையில் இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு, 15 ஜிபி நிறைந்துபோன ஜிமெயிலைக் காலி செய்ய நினைக்கிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

கன்னடியன் கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால், யாரும் கடைசி வயலில் நின்று மண்வெட்டி போட மாட்டார்கள். கால்வாய்க் கரையோடு மேலே நடந்து, எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். இங்கேயும் அந்த நடைதான் வேலை.

மூன்று அற்ப விஷயங்கள்

அற்பம்தான், ஆனால் பாதிப் புகார் இதிலேயே முடிந்துவிடும். முதலாவது டிஸ்க். 'டிஎஃப் -ஹெச்' என்று அடித்துப் பாருங்கள், நூறு சதவீதம் என்று காட்டினால் அங்கேயே நின்றுகொள்ளுங்கள். இடம் போதாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் 452 என்ற எண்ணோடு மெயிலை வாங்க மறுத்துவிடும். இடம் இருந்தும் மறுத்தால் 'டிஎஃப் -ஐ' அடியுங்கள். மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பு என்பதால், சின்ன டிஸ்கில் இடம் தீருமுன் ஐநோடு, அதாவது கோப்புக்கு ஒன்றாக டிஸ்க் ஒதுக்கும் பதிவிடம், தீர்ந்துவிடுவதும் உண்டு.

இரண்டாவது கடிகாரம். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி, அந்த ரூபாய்க் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032, செத்திருக்கும். ஆடிக் காற்றில் கரண்ட் போய் வந்தால் கணினி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். தேதி தப்பாக இருந்தால் சர்வரின் சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று இணைப்பு முறியும், நீங்கள் பாஸ்வேர்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பீர்கள். 'டைம்டேட்சிடிஎல்' என்று அடித்தால் தேதியும் தெரியும், நேரம் இணையத்தோடு ஒத்துப்போகிறதா என்பதும் தெரியும். பேட்டரியை மாற்றிவிடுங்கள், பெரிய விலை இல்லை.

மூன்றாவது, வலைத்தளம் திறக்கிறதா என்று ஒரு பார்வை. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பாதையை இரண்டாக வெட்டுங்கள்

இப்போது உள்ளே பழுதா, வெளியே பழுதா என்று பிரிக்க வேண்டும். அதற்குச் சுலபமான வழி, கணினிக்குள்ளிருந்தே கணினிக்கு ஒரு மெயில் போடுவது. உங்கள் பயனர் பெயர் 'கடை' என்று வைத்துக்கொள்வோம். 'எக்கோ சோதனை | மெயில் -எஸ் சோதனை கடை' என்று அடியுங்கள். மெயில் என்ற கட்டளையே இல்லை என்று சொன்னால் மெயில்யுட்டில்ஸ் பொதியை நிறுவிக்கொள்ளுங்கள்.

இதற்கு இணையமே வேண்டாம். ஆகவே இந்தச் சோதனை மெயில் பெட்டிக்குள் வந்துவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸும் அதற்குக் கீழே உள்ளவையும் சரி, ஃபெட்ச்மெயில் பக்கம் போங்கள். வராவிட்டால் ஃபெட்ச்மெயிலைத் தொடவே வேண்டாம், உள்ளேதான் அடைப்பு.

சோதனை மெயில் போடும்போதே இன்னொரு டெர்மினலில் லாக், அதாவது நடப்பதை வரிவரியாக எழுதும் பதிவு, ஓடட்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் அது /வார்/லாக்/மெயில்.லாக் என்ற கோப்பு. ஃபெடோரா, ரெட் ஹேட் வகையில் அதே அடைவில் மெயில்லாக், நடுவில் புள்ளி கிடையாது. டெபியன் 12-லிருந்து அந்தக் கோப்பு தானாக உருவாவதில்லை, அங்கே 'சுடோ ஜர்னல்சிடிஎல் -எஃப் | கிரெப் போஸ்ட்ஃபிக்ஸ்' என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கோப்பு இல்லை என்பதால் லாக்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

லாக்கில் ஒரு வரியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தேதியும் நேரமும் போக, முக்கியமான பகுதி இப்படி இருக்கும்:

டு=<கடை@பாளை.லேன்>, ரிலே=லோக்கல், டிலே=0.05, டிஎஸ்என்=2.0.0, ஸ்டேட்டஸ்=சென்ட் (டெலிவர்ட் டு மெயில்டிர்)

கண்ணை முதலில் ஸ்டேட்டஸ் மேல் வையுங்கள். சென்ட் என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் தன் வேலையை முடித்துவிட்டது. டிஃபர்ட் என்றால் இப்போதைக்கு முடியவில்லை, பிறகு முயலும். பவுன்ஸ்ட் என்றால் கைவிட்டு, அனுப்பியவருக்கே திருப்பிவிட்டது. டிஎஸ்என் எண்ணின் முதல் இலக்கமும் அதையேதான் சொல்கிறது: 2 என்றால் ஆயிற்று, 4 என்றால் தற்காலிகச் சிக்கல், 5 என்றால் நிரந்தர மறுப்பு. அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் காரணம், புதிதாக வருகிறவர்கள் அதைப் படிக்காமலே விடுவார்கள். சென்ட் ஆன மெயிலில் அந்த அடைப்புக்குறி மெயில் எங்கே போனது என்று சொல்லும்: 'டெலிவர்ட் டு மெயில்பாக்ஸ்' என்றால் /வார்/மெயில் அடைவில் உங்கள் பெயருள்ள ஒற்றைக் கோப்புக்குள், 'டெலிவர்ட் டு மெயில்டிர்' என்றால் உங்கள் வீட்டு அடைவில் உள்ள மெயில்டிர் அடைவுக்குள், 'டெலிவர்ட் டு கமாண்ட்' என்று ப்ராக்மெயில் பெயர் வந்தால் அதன் கைக்கு. இந்த மூன்றையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

லாக்கில் ஒன்றுமே வராவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். 'எஸ்எஸ் -எல்டிஎன்' அடித்தால் வருகிற பட்டியலில் 127.0.0.1:25 என்றோ 0.0.0.0:25 என்றோ ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் சர்வீஸ் எழும்பவில்லை, 'சுடோ போஸ்ட்ஃபிக்ஸ் செக்' என்று அடித்தால் அமைப்பில் உள்ள தப்பைச் சொல்லும். உபுண்டு டெஸ்க்டாப்பில் மெயில் சர்வர் எதுவும் முன்கூட்டியே வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளின் வெளியீடு எங்கே போகிறது என்று தேடுகிறவர்களுக்கு லாக்கில் 'நோ எம்டிஏ இன்ஸ்டால்ட், டிஸ்கார்டிங் அவுட்புட்' என்ற வரி கிடைக்கும். போடுவதற்கு ஆள் இல்லை, தூக்கி எறிந்துவிட்டேன் என்று அதற்குப் பொருள்.

இறக்கும் இடம்

உள்ளே சரி என்றால் ஃபெட்ச்மெயிலுக்கு வருவோம். ஆனால் அதற்கும் முன், மெயில் சர்வரில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பிரவுசரில் கணக்கைத் திறந்து பாருங்கள். ஸ்பேம் அடைவுக்குள் கிடக்கிற மெயிலை, சர்வரிலிருந்து மெயில் இறக்கும் முறையான பாப்3 இறக்காது.

அப்புறம் இதை அடியுங்கள்: 'ஃபெட்ச்மெயில் -டி0 -கே -வி -வி'. டி-யும் பூஜ்யமும் சேர்ந்தது, பின்னணியில் போகாமல் கண்முன்னே ஒரே ஒரு தடவை ஓடு என்பதற்கு. இரண்டு வி-யும் சர்வரோடு பேசுகிற ஒவ்வொரு வரியையும் காட்டு என்பதற்கு. கே ரொம்ப முக்கியம்: ஃபெட்ச்மெயில் இறக்கி முடித்த மெயிலைச் சர்வரிலிருந்து அழித்துவிடும், அதுதான் அதன் இயல்பு. கே போட்டால் அழிக்காமல் விட்டுவைக்கும். சோதனை நடக்கிற வரை அமைப்புக் கோப்பிலும் 'கீப்' என்ற சொல்லைச் சேர்த்து வையுங்கள். ஏற்கெனவே பின்னணியில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் அடித்த கட்டளையை ஏற்காமல், பின்னணியில் ஒன்று ஓடுகிறது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். 'ஃபெட்ச்மெயில் --குவிட்' என்று அதை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

இனி வரக்கூடிய பதில்கள். கோப்பின் அனுமதி சரியில்லை என்று தொடக்கத்திலேயே நின்றால், வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் .ஃபெட்ச்மெயில்ஆர்சி கோப்பை மற்றவர்களும் படிக்க முடிகிறது என்று அர்த்தம். உள்ளே பாஸ்வேர்ட் இருப்பதால் ஃபெட்ச்மெயில் பிடிவாதமாக இருக்கும், அது நல்ல பிடிவாதம். 'சிஎச்மோட் 600' போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

உள்நுழைவு தோற்றது என்று வந்தால், ஜிமெயிலில் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பிரவுசரில் அடிக்கிற பாஸ்வேர்டை இங்கே போட்டிருப்பீர்கள். 2022 மே 30-லிருந்து தனிநபர் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை வைத்து இப்படி உள்ளே போக கூகுள் விடுவதில்லை. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, அதற்குப் பிறகு ஆப் பாஸ்வேர்ட் என்று ஒன்றை உருவாக்கினால் 16 எழுத்தில் ஒன்று தரும், அதைத்தான் போட வேண்டும். திரையில் நாலு நாலு எழுத்தாக இடைவெளி விட்டுக் காட்டும், இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதுங்கள். கணக்கின் முக்கியப் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டுகள் செல்லாமல் போகும், "நேத்து வரைக்கும் வந்துச்சே" என்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

இணைப்பே கிடைக்கவில்லை என்றால் போர்ட் எண்ணைப் பாருங்கள். பாதுகாப்பான பாப்3-க்கு 995, ஐமேப்புக்கு 993. பழைய 110-ஐயும் 143-ஐயும் பார்த்து எழுதிய குறிப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ஃபெட்ச்மெயில் மேலேயே சந்தேகம் வந்துவிட்டால், நீங்களே சர்வரோடு பேசிப் பார்க்கலாம். எனக்குப் பிடித்த சோதனை இது. 'ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் -சிஆர்எல்எஃப் -குவையட் -கனெக்ட்' என்று அடித்து, சர்வர் பெயரும் முக்காற்புள்ளியும் 995-ம் சேர்த்துக் கொடுங்கள். கொஞ்சம் சான்றிதழ் விவரம் ஓடிவிட்டு '+ஓகே' என்று ஒரு வரி வந்து நிற்கும். 'யூசர்' என்று அடித்து உங்கள் முகவரி, அடுத்த வரியில் 'பாஸ்' என்று அடித்து ஆப் பாஸ்வேர்ட். அதற்கும் '+ஓகே' வந்தால் 'ஸ்டாட்' என்று அடியுங்கள். '+ஓகே 12 340512' மாதிரி இரண்டு எண் வரும், முதலாவது எத்தனை மெயில், இரண்டாவது எல்லாம் சேர்த்து எத்தனை பைட். '-இஆர்ஆர்' என்று வந்தால் பக்கத்திலேயே காரணமும் எழுதியிருக்கும். முடிந்ததும் 'குவிட்'. பாஸ்வேர்ட் திரையில் அப்பட்டமாகத் தெரியும், பக்கத்தில் ஆள் இருந்தால் செய்யாதீர்கள். அந்த குவையட்டை விட்டுவிட்டு, பெரிய எழுத்தில் குவிட் என்றோ ரெட்ர் என்றோ அடித்தால் வேடிக்கை நடக்கும்: வரியின் முதலில் வருகிற பெரிய க்யூ-வையும் ஆர்-ஐயும் ஓபன்எஸ்எஸ்எல் தனக்கு இட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டு இணைப்பைக் குழப்பிவிடும், சர்வர் மேல் ஒரு தப்பும் இருக்காது.

இறக்கிய மெயிலை ஒப்படைக்கும் இடத்திலும் ஒரு பள்ளம் உண்டு. ஃபெட்ச்மெயில் தானாக மெயிலைப் பெட்டிக்குள் வைப்பதில்லை, அதே கணினியின் 25-ஆம் போர்ட்டில் தட்டிக் கொடுக்கும். அங்கே ஆள் இல்லாவிட்டால் 'எஸ்எம்டிபி கனெக்ட் டு லோக்கல்ஹோஸ்ட் ஃபெயில்ட்' என்று சொல்லும். இதைப் பார்த்து ஜிமெயிலோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நிறைய. லோக்கல்ஹோஸ்ட் என்பது உங்கள் கணினியேதான், போஸ்ட்ஃபிக்ஸை எழுப்புங்கள்.

இறங்கியது, ஆனால் காணவில்லை

நான் பார்த்த வரையில் இதுதான் அதிகம். லாக் சென்ட் என்கிறது, படிக்கிற நிரலோ காலியாக இருக்கிறது. எழுதுகிறவன் ஒரு இடத்தில் எழுதுகிறான், படிக்கிறவன் இன்னொரு இடத்தில் பார்க்கிறான்.

லினக்ஸில் இரண்டு வகைப் பெட்டி. எம்பாக்ஸ் என்பது எல்லா மெயிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய ஒரே கோப்பு, /வார்/மெயில் அடைவில் இருக்கும். மெயில்டிர் என்பது நியூ, கர், டெம்ப் என்று மூன்று உள் அடைவு கொண்ட ஓர் அடைவு. புது மெயில் நியூவில் விழும், படிக்கிற நிரல் பார்த்ததும் கர் அடைவுக்கு மாறும். போஸ்ட்ஃபிக்ஸில் மெயில்டிர் வேண்டுமானால் /இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ் அடைவில் உள்ள மெயின்.சிஎஃப் கோப்பில் 'ஹோம்_மெயில்பாக்ஸ் = மெயில்டிர்/' என்று எழுத வேண்டும், முதல் எம் மட்டும் பெரிய எழுத்து. கடைசியில் உள்ள அந்தச் சாய்கோட்டை விட்டுவிட்டால் மெயில்டிர் என்ற பெயரில் ஒரு எம்பாக்ஸ் கோப்பை உருவாக்கப் பார்க்கும். ஒரு கோடுதான், அரை நாளைத் தின்றுவிடும்.

இன்னொன்று, அதே கோப்பில் மெயில்பாக்ஸ்_கமாண்ட் என்ற வரி இருந்தால் ஹோம்_மெயில்பாக்ஸ் வரியை போஸ்ட்ஃபிக்ஸ் கண்டுகொள்ளாது, முன்னதற்குத்தான் முதல் மரியாதை. ப்ராக்மெயிலை நிறுவிய கணினிகளில் இந்த வரி உங்களுக்குத் தெரியாமலே உட்கார்ந்திருக்கும். 'போஸ்ட்கான்ஃப் -என்' அடித்தால் இயல்புநிலைக்கு விடாமல் நீங்களோ நிறுவும்போதோ எழுதிவைத்த வரிகள் மட்டும் வரும், அதில் தேடுங்கள். மெயின்.சிஎஃப்-இல் எதை மாற்றினாலும் 'சுடோ போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்' போட்டால்தான் செல்லும்.

டவ்காட் பக்கம் 'மெயில்_லொகேஷன்' என்ற வரி போஸ்ட்ஃபிக்ஸ் எழுதும் அதே இடத்தைக் காட்ட வேண்டும். 2.4 பதிப்பில் அந்த வரி மெயில்_டிரைவர், மெயில்_பாத் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. பழைய குறிப்பைப் பார்த்து எழுதினால் டவ்காட் எழும்பாமல் அடம்பிடிக்கும். மட் பயன்படுத்துகிறவர்கள் ஸ்பூல்ஃபைல் அமைப்பைப் பாருங்கள்.

அனுமதியும் சதி செய்யும். மெயில்டிர் அடைவை சுடோ போட்டு உருவாக்கியிருந்தால் அது ரூட் என்ற நிர்வாகியின் சொத்து, 'கடை' என்ற பயனருக்காக எழுத வரும்போது 'பெர்மிஷன் டினைட்' என்று லாக்கில் விழும். 'சிஎச்ஓன் -ஆர்' போட்டு உரிமையாளரை மாற்றுங்கள், இங்கே ஆர் பெரிய எழுத்து.

ப்ராக்மெயிலும் தமிழ்த் தலைப்பும்

ப்ராக்மெயில் 1990-இல் வந்தது, ரொம்ப வருஷம் புதுப் பதிப்பே இல்லாமல் கிடந்தது. ஏற்கெனவே ஓடுகிறது என்றால் ஓடட்டும். ஓடாவிட்டால் .ப்ராக்மெயில்ஆர்சி கோப்பில் லாக்ஃபைல் என்ற வரியில் ஒரு கோப்பைக் காட்டி, 'வெர்போஸ்=யெஸ்' போடுங்கள்; வரியின் இடப்பக்கப் பெயர்கள் இரண்டும் பெரிய எழுத்தில். எந்த விதி பொருந்தியது, எந்த அடைவில் போட்டது என்று அது ஒன்றுவிடாமல் எழுதும். 'சஸ்பிஷியஸ் ஆர்சிஃபைல்' என்று எழுதினால் அந்தக் கோப்பை மற்றவர்களும் திருத்த முடிகிற மாதிரி விட்டுவைத்திருக்கிறீர்கள், பயந்து படிக்காமல் போய்விட்டது.

நம் ஆட்களுக்கு மட்டும் வருகிற ஒரு சிக்கல் இங்கே உண்டு. 'அழைப்பிதழ்' என்று தலைப்பில் இருக்கிற மெயிலையெல்லாம் தனி அடைவில் போடு என்று விதி எழுதுவார்கள், ஒன்றுகூடப் போகாது. காரணம், தமிழ்த் தலைப்பு மெயிலுக்குள் தமிழாகவே பயணிப்பதில்லை. மெயிலின் மூலத்தைத் திறந்து பாருங்கள், '=?யுடிஎஃப்-8?பி?' என்று தொடங்கி, கேள்விக்குறிக்கு அப்புறம் '4கே6' என்று ஆரம்பிக்கும் நீளமான எழுத்துக் குவியல் இருக்கும். யுடிஎஃப்-8-இல் தமிழின் உயிரும் மெய்யும் எல்லாம் ஒரே இரண்டு பைட்டில் தொடங்குவதால், இப்படி பேஸ்64 என்ற எழுத்துமாற்ற முறையில் பொதிந்த தமிழ்த் தலைப்பு தமிழ் எழுத்தில் தொடங்கினால் அந்த மூன்று எழுத்தும் வந்தே தீரும். ப்ராக்மெயில் அந்தக் குவியலைத்தான் பார்க்கிறது, அவிழ்த்துப் பார்ப்பதில்லை. அனுப்புகிறவரின் முகவரியை வைத்து விதி எழுதுங்கள், அது எப்போதும் நிற்கும். தலைப்பைத்தான் பார்க்க வேண்டும் என்றால் டவ்காட்டோடு சேர்ந்து ஓடும் சீவ் என்ற பிரித்துப் போடும் முறைக்கு மாறுவது நல்லது, அது தலைப்பை அவிழ்த்துவிட்டே ஒப்பிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சீவைத்தான் சொல்வேன்.

தமிழ் மெயில் மட் நிரலில் கேள்விக்குறியாகத் தெரிந்தால் 'லோகேல்' என்று அடித்து யுடிஎஃப்-8 இருக்கிறதா பாருங்கள். இருந்தும் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் அது டெர்மினலின் குறை, தண்டர்பேர்டில் திறந்துகொள்ளுங்கள்.

பெரிய இணைப்புகள்

அச்சகம், ஸ்டுடியோ, கட்டிட வரைபடம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் இது வரும். சின்ன மெயில் எல்லாம் வருகிறது, படம் வைத்தது மட்டும் வரவில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலுக்கு இயல்பாக விடுகிற அளவு 10240000 பைட். இணைப்பு பேஸ்64-இல் பொதியும்போது மூன்றில் ஒரு பங்கு பெருப்பதால், நடைமுறையில் ஏழரை எம்பிக்கு மேல் உள்ள படம் இடிக்கும். ஜிமெயில் 25 எம்பி வரை அனுப்ப விடுகிறது. ஆகவே 12 எம்பி கல்யாணப் போட்டோ ஜிமெயில் வரை வந்துவிடும், உங்கள் கணினி வாசலில் 552 என்ற எண்ணோடு மறுக்கப்படும். ஃபெட்ச்மெயில் ஒவ்வொரு சுற்றிலும் அதே மெயிலோடு முட்டிக்கொண்டிருக்கும், அல்லது அமைப்பைப் பொறுத்து அனுப்பியவருக்கே திருப்பிவிடும். மெயின்.சிஎஃப்-இல் 'மெசேஜ்_சைஸ்_லிமிட் = 40000000' என்று வையுங்கள். அதற்காக ஒரேயடியாக ஏற்றிவிடாதீர்கள், மெயில்பாக்ஸ்_சைஸ்_லிமிட் என்று இன்னொன்று இருக்கிறது, அதன் இயல்பு 51200000. மெயில் அளவு பெட்டி அளவைத் தாண்டினால் அமைப்பில் தப்பு என்று சொல்லி உள்ளூர்ப் பட்டுவாடா மொத்தமாக நின்றுவிடும். டெபியனில் பெட்டி அளவை 0, அதாவது வரம்பே இல்லை என்று வைத்துவிடுவதால் அங்கே இந்தப் பயம் இல்லை.

வெளியே போகாத மெயில்

'மெயில்க்யூ' என்று அடியுங்கள். காத்திருக்கும் மெயில் ஒவ்வொன்றும், கீழே காரணத்தோடு வரும். போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் வரை விட்டுவிட்டு முயன்றுவிட்டுத்தான் திருப்பும், அதனால் பதறி அழிக்க வேண்டாம். பழுதைச் சரிசெய்த பிறகு 'சுடோ போஸ்ட்க்யூ -எஃப்' போட்டால் உடனே எல்லாவற்றையும் மறுபடி அனுப்பிப் பார்க்கும்.

காரணம் 25-ஆம் போர்ட்டுக்கு 'கனெக்ஷன் டைம்ட் அவுட்' என்று இருந்தால், வீட்டு இணைப்புகளில் அந்தப் போர்ட்டை அடைத்துவைப்பது சகஜம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அடைக்காவிட்டாலும் வீட்டு ஐபி முகவரியிலிருந்து நேராக வரும் மெயிலைப் பெரிய சேவைகள் வாங்க மாட்டா. உங்கள் கணக்கு இருக்கும் சேவையின் வழியாகவே அனுப்புங்கள், மெயின்.சிஎஃப்-இல் இப்படி: 'ரிலேஹோஸ்ட் = [எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம்]:587'. அந்தச் சதுர அடைப்பு அலங்காரத்துக்கு இல்லை, பாஸ்வேர்ட் எழுதும் எஸ்ஏஎஸ்எல்_பாஸ்வேர்ட் கோப்பிலும் அச்சுப் பிசகாமல் அதே மாதிரி இருக்க வேண்டும். கோப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் 'போஸ்ட்மேப்' ஓட்ட வேண்டும். 'நோ மெக்கானிசம் அவைலபிள்' என்று வந்தால் டெபியன் வகையில் லிப்எஸ்ஏஎஸ்எல்2-மாட்யூல்ஸ் பொதி இல்லை, நிறுவுங்கள்.

மெயிலே காணாமல் போகிற ஒரு வினோதமும் உண்டு. அலுவலகத்துக்குச் சொந்த டொமைன் இருக்கிறது, மெயில் வேறு சேவையில் இருக்கிறது. நிறுவும்போது சிஸ்டம் மெயில் நேம் என்ன என்று கேட்டதற்கு அந்த டொமைனையே கொடுத்துவிடுவார்கள். அது மைடெஸ்டினேஷன் வரியில் ஏறிவிடும். அதன் பிறகு போஸ்ட்ஃபிக்ஸுக்கு அந்த டொமைன் என்றாலே இந்தக் கணினிதான். தென்காசிக் கிளையில் இருக்கிறவருக்கு அனுப்பினால் 'யூசர் அன்நோன்' என்று திரும்பும். அதே பெயரில் இங்கே ஒரு பயனர் இருந்துவிட்டால் இன்னும் மோசம், சத்தமே இல்லாமல் உள்ளூர்ப் பெட்டியில் விழுந்துவிடும், லாக் சென்ட் என்றே சொல்லும். மைடெஸ்டினேஷனில் கணினியின் சொந்தப் பெயரும் லோக்கல்ஹோஸ்டும் போதும், வேறெதுவும் வேண்டாம்.

மடிக்கணினியில் இதை வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. வீட்டில் வைஃபை, கடையில் வேறு வைஃபை என்று மாறும்போது பிரவுசர் நன்றாக ஓடும், போஸ்ட்ஃபிக்ஸ் மட்டும் 'ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட், ட்ரை அகெய்ன்' என்று சொல்லும். பல டெபியன் கணினிகளில் அது /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ் அடைவுக்குள் அடைபட்டு ஓடுவதால், சர்வர் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் விவரக் கோப்பின் பழைய நகலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் அல்ல, ரீஸ்டார்ட் செய்யுங்கள், நகல் புதுப்பிக்கப்படும்.

ரூட்டின் பெயரில் வரும் எச்சரிக்கை மெயில்களை யாரும் திறப்பதில்லை. /இடிசி/அலையாசஸ் கோப்பில் 'ரூட்: கடை' என்று ஒரு வரி சேர்த்து 'சுடோ நியூஅலையாசஸ்' அடித்துவிட்டால் அவை உங்கள் பெட்டிக்கே வரும்.

யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். 'போஸ்ட்கான்ஃப் -என்' வெளியீடு, சோதனை மெயில் போட்ட நேரத்தின் லாக் வரிகள், ஃபெட்ச்மெயில் இரண்டு வி-யோடு சொன்னது, இந்த மூன்றையும் எழுத்தாகவே கொடுங்கள். பாஸ்வேர்டையும் வாடிக்கையாளர் முகவரிகளையும் அழித்துவிடுங்கள், பிழை வரியை மட்டும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் விடுங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் ஃபெட்ச்மெயில் கோப்பில் 'செட் டீமன் 300' போட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கச் சொல்லலாம், பத்து விநாடிக்கு ஒருமுறை என்று வைத்தால் சர்வர் கொஞ்ச நேரத்துக்குக் கதவைச் சாத்திவிடும். 'கீப்' சொல்லை எடுப்பதற்கு அவசரம் வேண்டாம், உள்ளூர்ப் பெட்டிக்கு வேறொரு டிஸ்கில் பேக்கப் ஓட ஆரம்பித்த பிறகு எடுங்கள்.